தவறினாலும் மேலே போ

எலக்ட்ரீஷியனின் வலது கையை உடைப்பது என்று அவள் புருஷன் முடிவெடுத்தது காலை ஏழு மணிக்கு, வாயில் பிரஷ்ஷோடு. நுரையைத் துப்பிவிட்டு, அந்த ஆள் சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் தன் கடையைத் திறப்பான், அப்போது போகிறேன் என்று நேரத்தையும் சொன்னான். டயர் கடை வைத்திருக்கிறவன். லாரிச் சக்கரத்திலிருந்து டயரைப் பிரிக்கிற மூன்றடி இரும்பு லீவரை ஸ்பூன் மாதிரி தூக்குகிறவன். வாயால் சொன்னதைக் கையால் செய்யாமல் விட்டதாக அவன் சரித்திரத்தில் கிடையாது.

அவள் தடுத்தாளா என்று கேட்டால், இல்லை. படித்தவள், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவள். அவள் சொன்னது இவ்வளவுதான்:

“எனக்காகவும் ஒண்ணு சேத்துப் போடுங்க.”

அவளுக்கும் வயிறு எரிந்தது. மூன்று நாளைக்கு முன்னால் அவள் கொழுந்தனின் வலது கை, தகடு அடிக்கிற பிரஸ்ஸுக்குள் போனது. கதவுக் கீல் அடிக்கிற பிரஸ் அது. அறுபது டன் அழுத்தத்தோடு அதன் தலை இறங்கி ஏறும். இவன் தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் தலை இறங்கிவிட்டது. மறுபடி ஏறியபோது மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கையுறை தகட்டோடு ஒட்டிக் கிடந்தது. கீலுக்கு உண்டான மூன்று ஓட்டைகளும் அதில் சுத்தமாக விழுந்திருந்தன. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, இதை ஒட்டவைக்க முடியுமா என்று கேட்டவன் அவள் புருஷன். டாக்டர் பைக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பையின் வாயை முடிந்து திருப்பிக் கொடுத்தார்.

கொழுந்தனை ஒன்பது வயதிலிருந்து வளர்த்தவன் அண்ணன். அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது பையனுக்குப் பன்னிரண்டு வயது. இந்தப் பதினாலு வருஷத்தில் அவளை ‘அண்ணி’ என்று கூப்பிட்ட குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை. சோற்றில் உப்பில்லை என்றால்கூட உப்பு டப்பாவைத் தானே எடுத்துக்கொள்வான். அந்த பிரஸ் கம்பெனியில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

கை போன அன்றைக்கே புருஷன் அந்தக் கம்பெனிக்குப் போய் ஆபீஸ் ரூம் கண்ணாடியை நாற்காலியால் உடைத்தான். கண்ணாடிச் சில்லு கழுத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது முதலாளிக்குத் தொண்டை திறந்தது. பிரஸ்ஸுக்கு முன்னால் ஒளித்திரை இருக்கிறது, அதன் கதிர்களைக் கை குறுக்கே வெட்டினால் தலை நின்றே ஆகவேண்டும், நிற்கவில்லை என்றால் வயரிங் கோளாறு, வயரிங் செய்தவன் எலக்ட்ரீஷியன் என்று மூச்சுவிடாமல் சொன்னார். உன் தம்பியும் தலையை இறக்குகிற பெடலில் இருந்து காலை எடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார். பெடலில் இருந்து எவனும் காலை எடுப்பதில்லை. திரையை நம்பித்தான் எல்லோரும் வேலை செய்கிறார்கள். ஆகவே முதலாளி கழுத்து தப்பியது, எலக்ட்ரீஷியன் கை மாட்டியது.

அந்த ஒளித்திரையின் பேச்சைக் கேட்டுத் தலையை நிறுத்துகிற பெட்டி இருக்கிறதே, அதைச் செய்வது அவள் வேலை பார்க்கிற கம்பெனி. பெட்டிக்குள் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர். அதில் அவர்களே எழுதிய கெர்னல், அதாவது மெஷினோடு நேருக்கு நேர் பேசுகிற அடிமட்டப் புரோகிராம். அதை எழுதுகிறவர்கள் நாலு பேர். அவள் அதில் ஒரு வரிகூட எழுதுவதில்லை. அவர்கள் எழுதுவதை மெஷின் பாஷையாக மாற்றுகிற கம்பைலரைக் கட்டித் தருவதுதான் அவள் வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டரோடு வருகிற கம்பைலர் இதற்கு ஆகாது. அது எழுதித் தருவதெல்லாம் தான் உட்கார்ந்திருக்கிற மெஷினுக்குத்தான் பொருந்தும். இங்கே உட்கார்ந்துகொண்டு வேறொரு வெறும் பெட்டிக்கு எழுதித் தருகிற கம்பைலரை அதன் மூல வரிகளிலிருந்து தனியாகக் கட்டவேண்டும். முதலில் அசெம்பிளர், லிங்கர் என்ற துணைக் கருவிகள். அப்புறம் கம்பைலர். கடைசியில் அதோடு ஒட்டிப் பிறக்கிற ஒரு சின்ன லைப்ரரி, அடிக்கடி வேண்டிய கணக்குகளின் தொகுப்பு. ஒரு முறை கட்டி முடிக்க நாற்பது நிமிஷம். மின்விசிறி அலறும், ரூம் கொதிக்கும். சாமான் செய்யாமல் சாமான் செய்கிற சாமானைச் செய்கிறாள் என்று ஆபீஸில் அவளுக்கு ‘பட்டறை’ என்று பேர். அவளுக்கும் அந்தப் பேரில் பெருமைதான்.

அன்றைக்கு மத்தியானம், விபத்து நடந்த பிரஸ்ஸிலிருந்து கழற்றிய பெட்டி அவள் மேஜைக்கு வந்தது. அதன் மூலையில் காய்ந்த ரத்தம் இருந்தது. அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, கடைசியாகப் பெட்டி எழுதிவைத்த பதிவைப் படித்தாள். எலக்ட்ரீஷியன் எங்கே கோட்டைவிட்டான் என்று கண்டுபிடித்துப் புருஷனுக்குச் சொல்லவேண்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

பதிவில் திரை சரியாக வேலை செய்திருந்தது. கை உள்ளே வந்ததைச் சொல்லியிருந்தது. பெட்டிதான் கேட்கவில்லை. தலை இறங்கும்போது மட்டும்தான் திரைக்கு அதிகாரம். ஏறும்போது கை போனால் ஆபத்தில்லை என்பதால் பெட்டி திரையைக் கண்டுகொள்ளாது. அந்த நிமிஷத்தில் பெட்டி எழுதியிருந்தது: தலை ஏறுகிறது. உண்மையில் தலை இறங்கிக்கொண்டிருந்தது.

தலை எங்கே இருக்கிறது என்பதைக் கெர்னல் ஒரு பெரிய எண்ணை இன்னொரு பெரிய எண்ணால் வகுத்துத்தான் தெரிந்துகொள்ளும். அந்த வகுத்தல் தப்பாக வந்திருந்தது. நாலு பேர் எழுதிய வரிகளில் வகுத்தல் இல்லை. அது கம்பைலரோடு பிறக்கிற சின்ன லைப்ரரியில் இருக்கிறது. அவள் கட்டியது.

எந்தப் புரோகிராமுக்கும் நடுக்கணக்கை எழுதி வைக்க ஓர் இடம் உண்டு. அதன் எல்லையை ஒட்டி வெளியே நூற்றிருபத்தெட்டு பைட் இடத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொள்ள சாதாரணப் புரோகிராம்களுக்கு அனுமதி உண்டு. ரெட் ஜோன் என்று பேர். கெர்னலில் அது கூடவே கூடாது. அங்கே கணக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஏதாவது ஒரு கம்பியிலிருந்து சிக்னல் வந்து குறுக்கே விழும். விழுந்த வேகத்தில் அந்த இடத்தின் மேலேயே தன் விவரத்தை எழுதிவிடும். பஸ்ஸில் பக்கத்துக் காலி சீட்டில் முட்டைப் பையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற மாதிரி. ஏறுகிறவன் பார்த்தா உட்காருவான்?

ஆகவே ரெட் ஜோனைத் தொடாதே என்று கெர்னலைக் கம்பைல் செய்யும்போது சொல்வார்கள். ஆனால் லைப்ரரி கம்பைலரோடு முன்னாலேயே கட்டப்பட்டுவிடுகிறது. அதற்கும் அதையே சொல்லவேண்டும் என்றால் கம்பைலரின் மூலத்திலேயே ஒரு சின்னத் திருத்தம் ஒட்டவேண்டும். அந்தத் திருத்தத்தை ஒட்டுகிற வரி, கட்டுகிற வேலையை வரிசையாக நடத்துகிற அவளுடைய ஸ்கிரிப்டில் இருந்தது. ஒரு தொல்லை என்னவென்றால், ஏற்கெனவே ஒட்டிய மூலத்தில் மறுபடி ஒட்டப்போனால், ஒட்டியாயிற்று என்று முரண்டுபிடித்து மொத்த வேலையும் நின்றுபோகும். நாலைந்து தடவை அப்படி நின்றதில் அவளுக்குக் கோபம் வந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வரியின் வாலில் ஒரு கட்டளையைச் சேர்த்தாள். தவறினாலும் மேலே போ.

நாலு மாசத்துக்கு முன்னால் கம்பைலரின் புதுப் பதிப்புக்கு மாறியபோது மூலத்தில் வரிகள் இடம் மாறியிருந்தன. திருத்தம் ஒட்டவில்லை. ஒட்டவில்லை என்று ஸ்கிரிப்ட் சொல்லியும் இருக்கிறது, ஓடிப்போகிற ஆயிரக்கணக்கான வரிகளில் ஒரு வரியாக. அப்போது அவள் டீ குடிக்கப் போயிருந்தாள். ஒரு மாசம் சோதித்தார்கள். சரியாக வகுத்தல் நடக்கிற அந்தக் கணத்தில் சிக்னல் வந்து விழுந்தால்தான் தப்பு வரும். சோதனையில் விழவில்லை. கொழுந்தன் கை உள்ளே இருந்தபோது விழுந்தது.

லைப்ரரியைப் பிரித்து மெஷின் பாஷையிலேயே படித்தாள். வகுத்தலின் மூன்றாவது வரியிலேயே இருந்தது. இடம் ஒதுக்காமல், எல்லைக்கு எட்டு பைட் வெளியே, அது பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று. பக்கத்திலிருந்த குப்பைக் கூடையை இழுத்து அதில் வாந்தி எடுத்தாள்.

வாயைத் துடைத்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது புருஷன் இல்லை. அதே கெர்னல் இன்னும் முப்பத்தொரு பிரஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு பெடலில் முப்பத்தொரு கால்.

மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, வாடிக்கையாளர்களின் போன் நம்பர் எழுதிய ஃபைலைக் கேட்டாள். அவர் பதறவில்லை. வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம், பராமரிப்பு என்ற பேரில் ஒவ்வொரு பெட்டியாகச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், பத்து நாளில் முடிந்துவிடும் என்றார். ஃபைல் திறந்த இழுப்பறைக்குள் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார். அந்தப் பத்து நாளில் இன்னொரு கை போனால் என்று கேட்டாள். அவர் தோளைக் குலுக்கினார். அவருடைய விரல் உள்ளே இருப்பது தெரிந்தே அவள் இழுப்பறையைக் காலால் உதைத்து மூடினாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவர் வாயைத் திறந்து கத்துவதற்குள் இழுப்பறையை மறுபடி இழுத்து ஃபைலை உருவிக்கொண்டு போய், தன் ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கதவு அதிர்ந்துகொண்டே இருந்தது.

ஒவ்வொரு நம்பராகப் போட்டாள். மெயின் சுவிட்சை இறக்குங்கள், ஆளை வெளியே வரச்சொல்லுங்கள், பெட்டியில் கோளாறு என்றாள். சிலர் உடனே இறக்கினார்கள். சிலர் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு இறக்கினார்கள். ஒருவர் இன்னும் இருபது பீஸ்தான் பாக்கி, முடித்துவிடுகிறேன் என்றார். அவரிடம் உங்களுக்குப் பீஸ் வேண்டுமா கை வேண்டுமா என்று கேட்டு, சுவிட்ச் விழுகிற சத்தம் காதில் விழுகிறவரை போனை வைக்கவில்லை. அந்த இரண்டு மணி நேரம் அவள் செய்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒரே ஒருவனுக்கு மட்டும் போன் போகவில்லை. ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் போனில் புருஷன் பேர் கண்ணில் படும். இந்த ஒன்றை முடித்துவிட்டு என்று நினைத்துக்கொள்வாள். இருபதாவதில் மணி நாலரை. இருபத்தேழாவதில் அஞ்சு. அவனுக்குச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தில் அவள் பேர் இருந்தது. நேரில் போய் எப்படியாவது இழுத்து வந்துவிடலாம், காரணத்தை அப்புறம் ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு ஒரு வழியைக் காட்டியது. மனசுக்கு இந்த மாதிரி வழி காட்டுவதற்குச் சொல்லித்தரவா வேண்டும்? முப்பத்தோராவது அழைப்பு முடிந்தபோது மணி அஞ்சு பத்து. ஆபீஸ் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

எலக்ட்ரீஷியனுடையது மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. பகலில் பிரஸ் கம்பெனியில் வேலை, சாயங்காலம் இந்தக் கடை. வாசலில் செம்புக் கம்பிச் சுருள்கள் உருண்டு கிடந்தன. வார்னிஷ் டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் வழுக்கியது. எதிர்க்கடைக்காரர்கள் தெருவில் நின்று பார்த்தார்களே தவிர ஒருத்தரும் உள்ளே கால் வைக்கவில்லை. எலக்ட்ரீஷியன் மல்லாந்து கிடந்தான். ஒல்லியான ஆள். முன்பல் இரண்டு போய் மோவாயெல்லாம் ரத்தம். அவன் நெஞ்சில் அவள் புருஷனின் முழங்கால் இருந்தது. வலது கை ஒரு மோட்டார் கூட்டின் மேல் இழுத்து வைக்கப்பட்டிருந்தது. முதல் அடி ஏற்கெனவே விழுந்துவிட்டது. மடங்கக் கூடாத இடத்தில் மணிக்கட்டு மடங்கித் தொங்கியது.

லீவர் இரண்டாவது தடவை மேலே போனது.

“அது என் தம்பிக்கு,” என்றான் புருஷன், மூச்சிரைக்க. “இது என் பொண்டாட்டி போடச் சொன்னது.”

அவள் ஓடிப்போய் லீவரை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். அவன் உதறியதில் சுவரில் போய் மோதி விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

“அவர் மேல தப்பில்லைங்க. பெட்டி மேலதான் தப்பு. அதுல நான் கட்டுனதுதான் தப்பு. நான் பண்ணுனது.”

அவன் திரும்பினான். புரிந்த முகமாக இல்லை. ரெட் ஜோனையும் லைப்ரரியையும் பற்றி அவனுக்கு என்னவென்று சொல்வது? ஒரு வேலை தவறிப்போனால் நிற்கவேண்டும், நான் நிற்காதே என்று எழுதிவைத்திருந்தேன், அதனால்தான் தம்பி கை போனது என்றாள். அது அவனுக்குப் புரிந்தது. சக்கரத்தில் நட்டு இறுகவில்லை என்று தெரிந்தும் லாரியை அனுப்புகிறவனை அவன் பார்த்திருக்கிறான்.

“எப்பத் தெரியும்?”

“மூணு மணிக்கு.”

அவன் கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். அவள் போனைக் கொடுத்தாள். ரத்தம் பட்ட விரலால் அழைப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, உதடு அசைய எண்ணினான். மூன்றிலிருந்து அஞ்சு பத்து வரைக்கும் முப்பத்தொன்று.

“என் நம்பர் இல்லையே.”

“பயமா இருந்துச்சு.”

லீவர் மறுபடி உயர்ந்தது. இந்தத் தடவை அவளுக்கு நேராக. அவள் கண்ணை மூடவும் இல்லை, நகரவும் இல்லை. விழட்டும் என்றே நினைத்தாள், விழுந்தால் கணக்கு தீர்ந்துவிடும் என்று ஒரு ஆசைகூட இருந்தது. ஆனால் தரையில் கிடந்தவன் அப்போது பேசினான். பல் போன வாயில் வார்த்தை சரியாக வரவில்லை.

“மூணு தடவை செக் பண்ணேன் சார். ஒவ்வொரு வயரையும் மூணு தடவை. அன்னிக்குலேருந்து அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். யாரும் கேக்கலை.”

லீவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. புருஷன் குனிந்து அந்த ஒல்லி ஆளைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கித் தன் வண்டியில் கிடத்தினான். அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் எலக்ட்ரீஷியனை இறக்கிவிட்டு, என்னைத் தேடிப் போலீஸ் வரும், நான் இங்கேயே உட்காருகிறேன் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தான். அவளைப் பார்க்கவே இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு ஒன்றுதான். கொழுந்தனுக்கு எதிர்க் கட்டில் காலியாக இருந்தது. எலக்ட்ரீஷியனைக் கொண்டுவந்து அதில் கிடத்தினார்கள். கொழுந்தன் தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். வலது கை இருந்த இடத்தில் பெரிய கட்டு. எதிரில் தொங்குகிற மணிக்கட்டைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான்.

“அவர் நம்ம எலக்ட்ரீஷியன் அண்ணன்தானே. என்னாச்சு அண்ணி?”

வரும் வழியில் அவள் எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் உதவவில்லை. நேராகவே சொன்னாள்.

“உங்கண்ணன் அடிச்சிட்டார். உன் கை போனதுக்கு இவர்தான் காரணம்னு அடிச்சிட்டார். காரணம் இவர் இல்ல தம்பி, நான். என் வேலைல தப்பு. மத்தியானமே தெரிஞ்சுது. சொல்லியிருந்தா இவர் கை தப்பிச்சிருக்கும். சொல்லலை.”

கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் தண்ணீர் நிரம்பிய ஸ்டீல் டம்ளர் வலது பக்கமாக இருந்தது. நர்ஸ் பழக்கதோஷத்தில் வைத்திருந்தாள். கொழுந்தன் உடம்பை முறுக்கி, இடது கையைக் குறுக்கே நீட்டி, தடுமாறித் தடுமாறி அதைப் பிடித்தான். பிடித்து, இருந்த பலம் முழுக்கச் சேர்த்து அவள் முகத்தில் எறிந்தான். விளிம்பு புருவத்தைப் பிளந்தது. தண்ணீரும் ரத்தமும் ஒன்றாக இறங்கிக் கண்ணை மறைத்தன. வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எலக்ட்ரீஷியனும் பார்த்தான். கை போன பிறகு இடது கையால் கொழுந்தன் யார் உதவியும் இல்லாமல் செய்த முதல் காரியம் அதுதான்.

அவளுக்கு வலித்தது. வலித்தது நல்லதாகவும் இருந்தது. அதற்கும் வெட்கப்பட்டாள். டம்ளர் கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. மண்டிபோட்டு எடுத்தாள். குழாயில் அலம்பி, மறுபடி தண்ணீர் பிடித்தாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் போய், டம்ளரை அவனுக்கு இடது பக்கமாக வைத்தாள்.